மட்டக்களப்புப் பறங்கியரின் கபிரிஞ்ஞா

மட்டக்களப்பு வாவிக் கரையில் வாழும் போர்த்துக்கேயப் பறங்கியரின் கலியாண வீடுகளில் பாட்டோடு சோடி சோடியாக ஆடப்படுவது கபிரிஞ்ஞா. பைலா என்று பின்னாளில் இலங்கை முழுவதும் பரவிய இசைக்கு இது மூத்த உறவு.

போர்த்துக்கேயர் 1628இல் மட்டக்களப்பின் புளியந்தீவில் கோட்டை கட்டினர். பத்தே ஆண்டில் ஒல்லாந்தர், கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனோடு சேர்ந்து அதைப் பிடித்தனர். ஆட்சி போனாலும் மொழி போகவில்லை. போர்த்துக்கேய ஆண்களுக்கும் உள்ளூர்ப் பெண்களுக்கும் பிறந்த சந்ததியினர், ஒல்லாந்தர் சபையின் நெருக்குதலையும் மீறிக் கத்தோலிக்கராகவே இருந்து, கம்மாலையும் தச்சுப்பட்டறையும் நடத்தி, வீட்டில் போர்த்துக்கேயக் கிரியோல் பேசினர். சொற்கள் போர்த்துக்கேயம், ஆனால் தமிழோடு நெடுங்காலம் பழகியதால் வினைச்சொல் தமிழில் போலவே கடைசியில் வரும். கபிரிஞ்ஞாப் பாடல்கள் இந்த மொழிக்குரியவை.

ஆட்டத்தின் பெயரில் இருப்பவர்களோ காப்பிரியர்: படைவீரராகவும் அடிமைகளாகவும் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். துள்ளி விழும் ஆறெட்டுத் தாளத்தில் அவர்களின் பங்கு உண்டென்று ஆய்வாளர் கருதுவர். வயலின் மெட்டை இழுக்க, கிற்றாரும் றபானும் தாளம் பிடிக்கும். பாட்டு பெரும்பாலும் நாலடி. காதலும் கேலியுமே பொருள். மட்டக்களப்பு முஸ்லிம் ஊர்களின் நாட்டார் கவியை அறிந்தவருக்கு இந்த அளவும் தொனியும் அந்நியமாகத் தோன்றாது. பறங்கியரின் இத்தகைய பாடல்களில் பலவற்றை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிவில் சேவை அதிகாரி ஹியூ நெவில் ஏட்டில் சேர்த்தார். அவை இன்று லண்டனில் பிரித்தானிய நூலகத்தில் உள்ளன.

பறங்கியர் ஆடும் இன்னொரு நடனமான லான்சர்ஸ் பிரித்தானியர் காலத்து வரவு. நான்கு சோடிகள் சதுரமாக நின்று ஆடும் இது ஐரோப்பியக் குவாட்றில் நடனத்தின் ஒரு வகை. அதே குவாட்றில் ஜமேக்காத் தோட்டங்களிலும் ஆடப்பட்டு, அங்கே மென்டோ என்ற நாட்டார் இசையோடு கலந்தது. 1950களின் இறுதியில் ஸ்கா, அதன்பின் ரொக்ஸ்டெடி, 1968 அளவில் ரெகே என்று அந்த வழி நீண்டது. ஆபிரிக்கத் தாளமும் ஐரோப்பிய ஆட்டமும் இரு தீவுகளிலும் சந்தித்தன. ஜமேக்காவின் கிங்ஸ்டனில் ஒலிப்பதிவுக் கூடங்களும் தெருவுக்குத் தெரு ஒலிபெருக்கிக் குழுக்களும் இருந்தன. மட்டக்களப்பில் கலியாண வீடு மட்டுமே இருந்தது. வளர்ச்சி பிரிந்ததற்கு இதுவே பெரிய காரணம் எனலாம்.

இலங்கையில் அத்தகைய வளர்ச்சி வாய்ப்பு கொழும்புக்குக் கிடைத்தது. 1940களில் வொலி பஸ்தியன் என்ற பறங்கிப் பொலிஸ்காரர் கிற்றாருடன் சிங்களத்தில் பைலா பாடிப் பெயர் பெற்றார். தமிழுக்கு அந்தத் துள்ளல் 1970களின் பொப்பிசையோடு வந்தது: நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’யும் ஏ. ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’யும் கடல் கடந்து தமிழகத்திலும் ஒலித்தன.

வாவிக்கரையிலோ பாடுவோர் குறைந்தனர். பள்ளிக்கூடம் தமிழிலானது; குடும்பங்கள் அவுஸ்திரேலியாவுக்குப் புலம்பெயர்ந்தன; 2004 சுனாமி பறங்கியரின் டச்பார் குடியிருப்பில் பலரைக் கொண்டுபோனது. எஞ்சிய பேச்சையும் பாட்டையும் லிஸ்பன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள் 2010களின் பிற்பகுதியில் மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் ஒலி, ஒளிப் பதிவாக்கினர்.