குறுக்கீடு முடியும் இடம்: விரிவாக்க அட்டைப் பிழையாய்வில் ஒரு மறுவரிசை

சொந்தமாக வடிவமைத்த விரிவாக்க அட்டை ஒன்று செயலியை அழைக்கவில்லை என்றால், ஆசிலோஸ்கோப்பின் முனை முதலில் போய் நிற்பது அதன் குறுக்கீட்டுக் கம்பியில்தான். சமிக்ஞை எழுகிறதா, எழுந்தது செயலியை எட்டுகிறதா என்று பார்ப்பதே வழக்கம். அட்டை ஒருமுறைகூட அழைக்காதபோது இது சரியான கேள்வி. ஒருமுறை அழைத்துவிட்டு ஊமையாகும் அட்டைக்கும், ஓயாமல் அழைக்கும் அட்டைக்கும், காரணமின்றி அழைப்பதுபோல் தோன்றும் அட்டைக்கும் இது பயன்படாது. இம்மூன்றிலும் குறுக்கீடு வந்துவிட்டது; முடியவேண்டிய விதத்தில் முடியவில்லை. ஆகவே பிழையாய்வு குறுக்கீட்டின் தொடக்கத்திலிருந்து அல்ல, முடிவிலிருந்து பின்னோக்கி நடக்கவேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1981இல் வந்த ஐபிஎம் பிசியின் 8259ஏ குறுக்கீட்டுக் கட்டுப்படுத்தி இதற்கு முதல் சான்று. அழைப்பை ஏற்றதும் அது தன் உள்பதிவகத்தில் ஒரு பிட்டை எழுப்பும். மென்பொருள் ‘வேலை முடிந்தது’ என்ற கட்டளையை எழுதும்வரை அதே முன்னுரிமையிலும் அதற்குக் கீழும் உள்ள அழைப்புகளை நிறுத்திவைக்கும். 1984இன் ஏடி கணினியில் இத்தகைய சில்லுகள் இரண்டு. இரண்டாவது, முதலாவதன் 2ஆம் கம்பி வழியாக இணைந்திருந்தது. 8 முதல் 15 வரையிலான கம்பிகளில் அமரும் அட்டையின் டிரைவர் இரு சில்லுகளுக்கும் கட்டளை தரவேண்டும். இரண்டாவதற்கு மட்டும் தந்துவிட்டால் கடிகாரமும் விசைப்பலகையும் முன்னுரிமையில் மேலே இருப்பதால் தொடர்ந்து இயங்கும். அட்டையோ, முதல் சில்லின் 2ஆம் கம்பியிலும் அதற்குக் கீழும் உள்ள மற்றவற்றோடு சேர்ந்து செத்துப்போகும். கணினி உயிரோடு இருப்பதைப் பார்ப்பவர் பழியை அட்டைமேல் போடுவார். இதன் மறுபக்கமும் உண்டு. செயலி ஒப்புகை தருவதற்குள் அட்டை கம்பியை இறக்கிவிட்டால், 8259ஏ அதை 7ஆம் கம்பியின் அழைப்பாக அறிவிக்கும். இல்லாத சாதனம் அழைத்ததுபோல் தெரிவதற்குக் காரணம், உரிய நேரத்துக்கு முன்பே நடந்துவிட்ட முடிவு.

விளிம்பு உணர்வு கொண்ட ஐஎஸ்ஏ பஸ்ஸில் நுட்பமான பிழை இன்னொன்று. ஓர் அட்டையில் ‘தரவு தயார்’, ‘பஃபர் நிரம்பியது’ என்ற இரு காரணங்கள் ஓர் ஆர் கேட் வழியாக ஒரே கம்பியை உயர்த்துவதாகக் கொள்வோம். டிரைவர் நிலைப் பதிவகத்தைப் படிக்கையில் முதல் காரணம் மட்டும் தெரிகிறது. அதை அழிப்பதற்குள் இரண்டாவதும் எழுகிறது. முதலாவது அழிந்தாலும் கம்பி இறங்குவதில்லை. இறங்காத கம்பி புதிய விளிம்பைத் தராது. அழைப்பு அத்தோடு நின்றுபோகும். நிலைப் பதிவகம் சுழியாகும்வரை டிரைவர் மீண்டும் மீண்டும் படிப்பதே தீர்வு. இதெல்லாம் பழங்கதை, பிசிஐ எக்ஸ்பிரஸில் கம்பியே இல்லை என்பார்கள். ஆனால் அங்குள்ள எம்எஸ்ஐ முறையில் குறுக்கீடு என்பது நினைவகத்தில் எழுதப்படும் ஒரு செய்தி. உள்ளே நிலை 0இலிருந்து 1க்கு மாறும்போது மட்டும் செய்தி அனுப்பும்படி அட்டையை வடிவமைத்தால் அதே மௌனம் திரும்பி வரும்.

மட்ட உணர்வு கொண்ட பிசிஐ கம்பிகளில் குறி எதிர்த்திசையில் தெரியும். டிரைவர் நிலையை அழிக்க எழுதியது வழியிலுள்ள பாலத்திலேயே தேங்கியிருக்க, குறுக்கீட்டு நிரல் திரும்பிவிடும். கம்பி இன்னும் இறங்காததால் உடனே மறுபடி அழைக்கப்படும். எழுதிய பதிவகத்தையே ஒருமுறை வாசித்தால் தேங்கியது அட்டையைச் சென்றடையும். யாரும் உரிமை கோராத அழைப்புகள் 1,00,000க்கு 99,900ஐத் தாண்டினால் லினக்ஸ் அந்தக் கம்பியையே மூடிவிடுகிறது. பதிவேட்டில் அச்செய்தியைக் காண்பவர் வன்பொருளைச் சந்தேகிக்கும் முன் அழித்தல் வரிசையைப் பார்க்கவேண்டும்.

தமிழ்நாட்டில் இவ்வாதத்துக்கு நேரடிப் பயன் உண்டு. சென்னை ஐஐடியின் சக்தி திட்டம் தந்துள்ள ரிஸ்க்-ஃபைவ் செயலிகளை ஆர்ட்டி எஃப்பிஜிஏ பலகையில் ஏற்றி, மாணவர்கள் தங்கள் சொந்தச் சாதனங்களை இணைக்கமுடிகிறது. ரிஸ்க்-ஃபைவின் பிளிக் கட்டுப்படுத்தியில், செயலி ஓர் எண்ணைப் படித்துக் குறுக்கீட்டை ஏற்கிறது. அதே எண்ணைத் திரும்ப எழுதி முடிக்கிறது. அதுவரை அச்சாதனத்தின் அடுத்த அழைப்பு வாயிலிலேயே நிற்கும். இடையில் அக்குறுக்கீடு முடக்கப்பட்டிருந்தால், முடிவு எழுத்து ஓசையின்றிப் புறக்கணிக்கப்படும். முதலில் முடக்கிவிட்டுப் பிறகு முடிக்கும் வகை டிரைவர்களில் இதனால் குறுக்கீடு ஒருமுறை வந்து நின்றுவிடுவது தெரியவந்து, 2021இல் லினக்ஸ் திருத்தப்பட்டது. அங்கே கம்பியில் எத்தனை முறை அளந்தாலும் பிழை அகப்பட்டிருக்காது.

பெரும்பாலான பிழைகள் தவறான ஜம்பர், விடுபட்ட புல்-அப் மின்தடை போன்ற எளியவைதானே என்ற மறுப்பில் நியாயம் உண்டு. அவற்றைப் பிரித்தறிய ஓர் எண்ணியே போதும். எண்ணிக்கை 0 என்றால் தொடக்கத்தைச் சோதிக்கலாம். 1 அல்லது வெள்ளம் என்றால் முடிவைச் சோதிக்கவேண்டும். குறுக்கீடே வேண்டாம், நிலைப் பதிவகத்தைச் சுழற்சியில் படித்தால் போதும் என்பது அடுத்த மறுப்பு. சோதனைக்கு அது நல்ல வழி. ஆனால் காரைக்குடி சிக்ரி போன்ற ஆய்வகங்களுக்குரிய மின்வேதியியல் அளவீட்டில் மின்னழுத்தத்தைச் சீராக மாற்றியபடி மின்னோட்டத்தைக் குறிக்கவேண்டும். பல வேலைகளைப் பங்கிடும் இயங்குதளத்தில் சுழற்சியின் இடைவெளி சீராக இராது. தவறிய மாதிரி வளைகோட்டின் வடிவத்தை மாற்றி, வேதிவினையின் பண்பாகவே வாசிக்கப்படலாம். எனவே அட்டையின் ஆவணத்தில் குறுக்கீட்டை எது எழுப்புகிறது என்பதோடு, எந்தப் பதிவகத்தில் எதை எழுதினால் அது இறங்கும், இறங்குமுன் புதிய காரணம் எழுந்தால் என்னவாகும் என்பதும் இடம்பெறவேண்டும். இவ்விரண்டும் எழுதப்படாத அட்டையில் பிழை டிரைவருடையதா, சுற்றினுடையதா என்று தீர்ப்பளிக்க அடிப்படையே இல்லை.