குகட்பள்ளி: ஒரு தொழில் நகரின் கதை

ஊரிலிருந்து நம் இல்லத்திற்கு வரும் உறவினர், ஹைதராபாத்தில் காண விரும்புவன மூன்று: சார்மினார், கோல்கொண்டா, சாலார்ஜங் அருங்காட்சியகம். மூன்றும் காணத்தக்கனவே. சென்ற விடுமுறையில் அவ்வாறு வந்த சிறுவன் ஒருவன், பஸ்ஸின் பலகையைப் படித்துவிட்டு, "ஐ.டி.பி.எல். என்றால் என்ன?" என்று வினவினான். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம் அவ்வெழுத்துக்களின் விரிவைச் சொன்னோம். அதன் கதையைச் சொல்ல நம்மால் இயலவில்லை. அந்த நாணத்தின் விளைவே இவ்வுரை.

குகட்பள்ளி வட்டாரத்தின் தொழில் வரலாறு நிஜாம் காலத்திலேயே வேர் கொண்டது. தொழில்களுக்கு மூலதனம் அளிக்கும் பொருட்டு ஹைதராபாத் சமஸ்தானம் 1929-இல் ஒரு தொழில் நிதியை நிறுவிற்று. அந்நிதியின் பங்கோடு 1942-இல் தோன்றியது அல்வின் உலோகத் தொழிற்சாலை. பஸ் கூண்டுகள், குளிர்சாதனப் பெட்டிகள், பிற்காலத்தில் கைக்கடிகாரங்கள் என அதன் பொருள்கள் நாடெங்கும் சென்றன.

சுதந்திரத்திற்குப் பின் வேறொரு தேவை எழுந்தது. நோய்க்கு வேண்டிய மருந்துகளுக்குப் பெரிதும் அயல்நாடுகளையே நம்பியிருந்த நிலை மாற வேண்டும் என்று கருதிய மத்திய அரசு, சோவியத் நாட்டின் உதவியுடன் 1961-இல் இந்திய மருந்துகள் நிறுவனத்தைத் தொடங்கியது. அதற்கு மூன்று ஆலைகள் அமைந்தன. ரிஷிகேசத்தில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள். ஹைதராபாத் பாலாநகரில் இரசாயன முறையில் ஆக்கப்படும் மருந்துகள். மூன்றாவதாக, நம் சென்னையில் அறுவைச் சிகிச்சைக் கருவிகள். இவ்வாறு, நாம் பிறந்த மாநிலமும் பிழைக்க வந்த நகரமும் ஒரே நிறுவனத்தால் பிணைக்கப்பட்டிருந்தன என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

அதே காலத்தில் பாலாநகரில் 1965-இல் விமான மின்னணுக் கருவிகளுக்கான ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் பிரிவும், 1968-இல் கருவி வடிவமைப்புப் பயிற்சி நிலையமும் எழுந்தன. சுரங்கங்களில் வெடிமருந்தை வெடிக்கச் செய்யும் 'டெட்டனேட்டர்' செய்த ஐ.டி.எல். தொழிற்சாலை குகட்பள்ளியில் அமைந்தது. அதனருகே உள்ள ரங்கதாமுனி ஏரி இன்று ஐ.டி.எல். ஏரி என்றே அழைக்கப்படுகிறது. பிள்ளையார் சதுர்த்தி முடிந்து விக்கிரகங்கள் கரைக்கப்படும் அந்நீர்நிலைக்கு ஓர் ஆலையே பெயர் தந்திருக்கிறது! உழைப்பாளரைத் தொடர்ந்து வீட்டு வசதி வாரியக் குடியிருப்பு வந்தது. வயல் சூழ்ந்த கிராமம் நகரமாயிற்று.

ஆனால் ஆலைகளுக்கும் முதுமை உண்டு. அல்வினின் குளிர்சாதனப் பிரிவு தொண்ணூறுகளில் கைமாறியது. மருந்து நிறுவனம் 1992-இல் நலிவுற்றதென அறிவிக்கப்பட்டது. 1996-இல் பாலாநகர் ஆலையில் உற்பத்தி நின்றது. எனினும், கற்ற கைத்திறன் பூட்டிய கதவுக்குள் அடங்கவில்லை. அங்கே பணியாற்றிய இரசாயன அறிஞர் அஞ்சி ரெட்டி 1984-இலேயே சொந்த நிறுவனத்தை நிறுவி உலகப் புகழ் பெற்றார். இன்று ஹைதராபாத் மருந்துத் தொழிலில் தலைநின்றால், அதன் பள்ளிக்கூடம் பாலாநகர் ஆலையே எனலாம்.

ஜெர்மனியின் எஸ்ஸன் நகரை இங்கு நினைவுகூர்வது தகும். 1811-இல் தொடங்கிய கிருப் உருக்காலையால் பெயர்பெற்ற நகரம் அது. அங்குள்ள ஸோல்ஃபெரைன் நிலக்கரிச் சுரங்கம் 1986-இல் மூடப்பட்டது. அந்நகரத்தார் அதை இடித்துவிடவில்லை. 2001-இல் அது உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. நிலக்கரி கழுவிய கட்டடத்தில் இன்று ரூர் வட்டாரத்தின் அருங்காட்சியகம் இருக்கிறது. கரி படிந்த சுவரும் கோட்டைச் சுவரைப் போலவே போற்றத்தக்கது என்று அவர்கள் கண்டனர்.

நம் வட்டாரத்தில் எஞ்சியிருப்பவை பெரும்பாலும் பெயர்கள்: அல்வின் காலனி, ஐ.டி.பி.எல். சந்திப்பு, ஐ.டி.எல். ஏரி. 2017 முதல் ஓடும் மெட்ரோ ரயிலில் எர்ரகட்டாவிலிருந்து மியாப்பூர் வரை சென்றால், இவ்வரலாறு முழுவதையும் அரை மணிக்குள் கடந்துவிடுகிறோம். அன்பர்களே, அடுத்த முறை உறவினர் வரும்பொழுது சார்மினாரைக் காட்டிய பின் ஒரு மாலையில் இவ்வழியேயும் அழைத்துச் செல்வோம். அண்டை வீட்டில் ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளி ஒருவர் இருந்தால், அவரிடம் சற்று அமர்ந்து கேட்போம். அவர் சொல்லுவதைக் கேட்டு வைத்தால்தான், அந்தச் சிறுவன் மறுபடி கேட்கும் பொழுது நம்மிடம் விடையிருக்கும்.