உடை நாகரிகத்தை எழுதியவர்கள்

மக்கள் அணியும் உடை காலத்துக்குக் காலம் மாறும் இயல்பினது. அம்மாற்றத்தை உடனுக்குடன் எழுதி அறிவிப்பதனையே தொழிலாகக் கொண்ட பத்திரிகைத்துறை ஒன்று உண்டு. கற்றோருட் சிலர் அதனை அற்பமானதென ஒதுக்குவர். ஆயினும், கோடிக்கணக்கான மக்கள் எதனை விரும்பி வாங்குவர், எதனைப் பழையதென்று கழிப்பர் என்பதனைத் தீர்மானிப்பதில் அதற்குப் பெரும் பங்குண்டு. கைத்தொலைபேசியிலேயே உலகம் அனைத்தையும் காணும் இந்நாளில் அத்துறையின் வருங்காலம் யாது? இதற்கு விடை காண விழைவோர், அது நடந்துவந்த வழியை முதலில் நோக்குதல் வேண்டும்.

பிரான்சிலே பதினான்காம் லூயி மன்னன் ஆண்ட காலம். 1672ஆம் ஆண்டில் தொன்னோ த விசே என்பார் 'மெர்க்கூர் கலான்' என்னும் சஞ்சிகையைப் பாரிஸ் நகரிலே தொடங்கினார். அரசவைச் செய்தியும் இலக்கியமும் தாங்கிவந்த அவ்வேடு, உடை பற்றியும் எழுதிற்று. 1678இல் உடைகளைச் சித்திரங்களாகவும் வெளியிட்டது. துணி விற்கும் வணிகரைப் பற்றிய குறிப்பும் அதில் இடம்பெற்றது. செய்தியும் விற்பனையும் ஒரே தொட்டிலில் வளர்ந்த பிள்ளைகள் என்பதனை இங்கேயே காண்கிறோம்.

1785இல் அதே நகரிலே 'கபினே தே மோத்' என்னும் ஏடு வண்ணச் சித்திரங்களுடன் பதினைந்து நாளுக்கொருமுறை வெளிவரலாயிற்று. புரட்சிப் புயலின் நடுவே 1793இல் அது மறைந்தது. அமெரிக்காவிலே 1830இல் தோன்றிய 'கோடீஸ் லேடீஸ் புக்' என்னும் சஞ்சிகைக்கு, 1837 முதல் 1877 வரை சாரா ஹேல் என்னும் அம்மையார் ஆசிரியராயிருந்தார். 1892இல் நியூயோர்க்கில் 'வோக்' பிறந்தது. 1909இல் அதனை வாங்கிய கொண்டே நாஸ்ட், வாசகர் தொகையிலும் வாசகரின் செல்வமே விளம்பரகாரருக்கு வேண்டுவது என்பதனை நன்குணர்ந்தவர். அன்று தொட்டு இத்துறைக்குச் சோறிட்ட கை விளம்பரத்தின் கையே ஆயிற்று.

இத்துறையின் செல்வாக்கு எத்தகையது என்பதற்கு 1947ஆம் ஆண்டு நல்ல சான்று. அவ்வாண்டு பெப்ரவரி 12ஆம் நாள், பாரிஸிலே கிறிஸ்தியன் டியோர் தமது முதலாவது உடைத்தொகுதியைக் காட்சிக்கு வைத்தார். போர்க்காலப் பஞ்சத்தால் குறுகியிருந்த பாவாடை, துணியை அள்ளிக்கொண்டு நீண்டு விரிந்தது. 'ஹார்ப்பர்ஸ் பஸார்' ஆசிரியை கார்மல் ஸ்நோ அதனைப் 'புதிய தோற்றம்' என்றார். அப்பெயரே உலகெங்கும் நிலைத்தது. ஒருவர் வாய்ச்சொல் ஒரு காலத்துக்கே பெயராவது எவ்வாறு? அழைக்கப்பட்ட சிலரே அக்காட்சியைக் கண்டனர். ஏனையோர் அவர்தம் எழுத்துக்காகக் காத்திருந்தனர். கண்டவர் சிலர், காணாதவர் பலர் என்பதே அவ்வதிகாரத்தின் அடிப்படை.

இணையம் தகர்த்தது இவ்வடிப்படையைத்தான். 2009ஆம் ஆண்டு ஒக்டோபரில், அலெக்சாண்டர் மக்குவீன் பாரிஸில் நடத்திய காட்சி இணையத்தின் மூலம் நேரடியாக ஒளிபரப்பாயிற்று. பார்க்க முண்டியடித்தோர் தொகை தாங்காது அவ்விணையத்தளமே செயலிழந்தது. அதே பருவத்தில் மிலான் நகரக் காட்சியொன்றில், இணையத்திலே தாமாக எழுதிவந்த இளைஞர் முதல் வரிசையில் அமர்த்தப்பட்டனர். அவ்வாண்டிலேயே அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு, பொருளோ பணமோ பெற்றுக்கொண்டு புகழ்ந்தெழுதுவோர் அதனை வெளிப்படையாகக் கூறவேண்டுமென்று வழிகாட்டு விதிகளைத் திருத்தியது. 1678இல் தொடங்கிய பழைய சிக்கல் புதிய உருவில் மீண்டமைக்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ? விளம்பரப் பணம் இணையத்தை நாடிச் சென்றபோது, அச்சேடுகள் பல மெலிந்தன. 'டீன் வோக்' 2017இல் அச்சிடுதலை நிறுத்திற்று. 2025இல் 'வோக்' ஏட்டின் விளம்பரமொன்றில், உயிருள்ள பெண்ணுக்குப் பதிலாகச் செயற்கை நுண்ணறிவு படைத்த உருவம் உடையணிந்து நின்றமை பெருஞ் சர்ச்சையை எழுப்பியது.

படத்தை எவரும் காட்டலாம், இயந்திரமும் படைக்கலாம். ஆதலின், முந்திக் காட்டுவதில் இனிப் பெருமை இல்லை. ஆயின் எஞ்சி நிற்பது யாது? ஒன்று, ஆராய்ந்து கூறும் தீர்ப்பு. உடையைப் பற்றி எழுதிய 'வொஷிங்டன் போஸ்ட்' எழுத்தாளர் ரொபின் கிவானுக்கு 2006இல் விமர்சனத்துக்கான புலிட்சர் பரிசு கிடைத்தமை, அத்தீர்ப்புக்கு உள்ள மதிப்பைக் காட்டும். மற்றொன்று, மேடைக்குப் பின்னே நோக்கும் கண். 2013ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள், வங்காளதேசத்தில் ராணா பிளாசாக் கட்டடம் இடிந்து வீழ்ந்து 1,100க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவருட் பெரும்பாலோர் மேலைநாட்டுக் கடைகளுக்கு ஆடை தைத்த தொழிலாளர். ஆடையின் அழகை வருணித்த ஏடுகள், அதனைத் தைத்தவரின் கூலியையும் அவர் நின்று தைத்த தளத்தின் உறுதியையும் எத்துணை முறை வினவின? ஆடை ஏற்றுமதியைப் பெரிதும் நம்பி வாழும் நம் இலங்கையிலும், எத்தனையோ பெண்கள் அத்தகைய தையல் இயந்திரங்களின் முன்னே அமர்ந்துள்ளனர். இக்கேள்வி நமக்கும் உரியதே.

ஏடு மறையலாம், திரை மாறலாம். தன்னை வளர்த்த விற்பனையாளனுக்கும் தன்னை நம்பிய வாசகனுக்கும் இடையே, வாசகன் பக்கம் நிற்கத் துணியும் எழுத்துக்கு எக்காலத்தும் இடமுண்டு. அத்துணிவை இழந்த எழுத்து, எந்தத் திரையில் ஒளிர்ந்தாலும் கடைப்பலகையே அன்றிப் பத்திரிகை ஆகாது.