நாங்களும் நீங்களும் ஒன்றாய் ஒலித்தபோது

கிரேக்கம் படிக்கத் தொடங்குபவருக்கு முதலில் அறிமுகமாகும் சொற்களில் நான்கு: எகோ, எஸீ, எமீஸ், எஸீஸ். முறையே நான், நீ, நாங்கள், நீங்கள். கடைசி இரண்டும் ஒரே மாதிரி முடிவதால் சட்டென்று மனத்தில் பதியும். ஆனால் பிளேட்டோ எழுதிய கிரேக்கத்தில் இந்த இரண்டும் கிடையாது.

அங்கே ‘நாங்கள்’ ஹேமேஸ், ‘நீங்கள்’ ஹ்யுமேஸ். வேறுபாடு முதல் உயிரொலியில்தான் இருந்தது. ஒன்றில் ஈட்டா என்ற எழுத்து, அன்று அது ஏகாரம். மற்றதில் உப்சிலான்: உகரத்துக்கு இதழைக் குவித்துக்கொண்டு இகரத்தைச் சொன்னால் பிறக்கும் ஒலி. ஈட்டா ஏகாரமாக ஒலித்ததற்கு ஓர் ஆடு சாட்சி. கி.மு. 5ஆம் நூற்றாண்டு நகைச்சுவை நாடக ஆசிரியர் கிராட்டினோஸ், ஆட்டின் கத்தலை பீட்டாவும் ஈட்டாவும் சேர்த்து எழுதியிருக்கிறார். ‘பே’ என்று படித்தால்தான் அது ஆடு. இன்றைய கிரேக்கர் அதே எழுத்துகளை ‘வீ’ என்று படிப்பார்.

இந்த மாற்றம்தான் வினையாயிற்று. கி.பி. முதல் நூற்றாண்டுகளில் ஈட்டா ஈகாரமாகிக்கொண்டிருந்தது. சொல்முதல் ஹகரமும் உதிர்ந்தது. உப்சிலான் சுமார் 10ஆம் நூற்றாண்டு வரை தாக்குப்பிடித்து, அதுவும் இகரத்தில் கலந்தது. இரண்டு சொற்களும் ‘இமீஸ்’ ஆயின. ‘நாங்கள் போகிறோம்’ என்றால் வினைமுற்று காப்பாற்றிவிடும். தமிழைப் போலவே கிரேக்க வினையும் தன் விகுதியில் இடத்தைச் சுமக்கிறது, பெயரைச் சொல்லாமலே விடலாம். ‘எங்கள் வீடு’, ‘உங்கள் வீடு’ என்னும்போது அந்தத் துணையும் இல்லை.

முழுதாய்க் கலக்கும் முன்பே ஏடெழுதியவர்கள் தடுமாறினார்கள். புதிய ஏற்பாட்டில் யோவானின் முதல் நிருபம் 1:4இல் நிறைவடைய வேண்டிய மகிழ்ச்சி யாருடையது? சில கையெழுத்துப் படிகளில் ‘எங்கள்’, சிலவற்றில் ‘உங்கள்’. மொழிபெயர்ப்புகளும் அப்படியே பிரிந்து நிற்கின்றன. ஓர் உயிரெழுத்து செய்த வேலை இது.

பேசுபவர்கள் ஒருமையிடம் கடன் வாங்கினார்கள். ‘என்னை’ என்பதற்கு எமே என்ற வடிவம் இருந்தது. எகோ, எமே இரண்டிலும் முன்னால் நின்ற எகரம், ‘நீ’ என்ற பழைய ஸ்யு மீதும் ஏறி அதை எஸீ ஆக்கியது. பிறகு தன்மைக்கு மகரம், முன்னிலைக்கு ஸகரம் என்று வைத்துப் பன்மையையும் புதிதாகக் கட்டினார்கள்: எமீஸ், எஸீஸ். எங்கள், உங்கள் என்பதற்கான மஸ், ஸஸ் கூட அதே மெய்களில்தான் நிற்கின்றன. நாம் நான்–நாங்கள், நீ–நீங்கள் என்று முதலெழுத்தால் இணைத்து நினைவில் வைப்பது போலத்தான். கற்பவருக்கு நான் சொல்வது, உயிரொலிகளை விட்டு அந்த இரண்டு மெய்களைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்பதே. மரியாதைக்கு ஒருவரையே எஸீஸ் என்பதும் நமக்குப் பழக்கமானதுதான். நாம், நாங்கள் என்ற வேறுபாடு மட்டும் அங்கே இல்லை, எமீஸ் இரண்டையும் குறிக்கும்.

பழைய சொல் முற்றிலும் போய்விடவில்லை. கிரேக்கத் தேவாலயங்களில் இயேசு கற்பித்த ஜெபத்தை இன்றும் பழைய கிரேக்கத்திலேயே சொல்கிறார்கள். ‘எங்கள் பிதாவே’ என்பதற்கு அங்கே ‘பாதேர் இமோன்’. எழுத்தைப் பார்க்காமல் காதால் மட்டும் கேட்டால், அந்த இமோன் ‘உங்கள்’ என்றும் பொருள்படும்.