புதிய பொறியிற் பழைய முறைமை: ஒரு வரலாற்று நோக்கு

பழையன நீங்கிப் புதியன வந்து சேர்தல் காலத்தின் இயல்பு என்று நன்னூலார் காலந்தொட்டே தமிழறிஞர் கொண்டு வந்துள்ளனர். ஆயினும், மனிதர் சில வேளைகளில் புதியதைக் கையில் வைத்துக்கொண்டே பழையதை நாடிச் செல்கின்றனர் என்பதையும் வரலாறு காட்டுகின்றது. இந்நாட்டம் வெறும் பழமைப் பற்றா, அன்றி அதன் பின்னால் நியாயமான தேவை ஏதும் உண்டா என்பது ஆராயத்தக்கது. புதிய மடிக்கணினி ஒன்றில் அதனுடன் வந்த பணிசெயல் முறைமையை நீக்கிப் பழையதொன்றை நிறுவும் வழக்கத்தை எடுத்துக்கொண்டு இவ்வினாவுக்கு விடைகாண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்விடயத்தில் எனக்கு ஈடுபாடு ஏற்பட்ட வகையை முதலிற் கூறுதல் பொருந்தும். எமது ஊர் மாத்தளை மாவட்டத்தில் இரத்தோட்டையை அண்டிய தேயிலைத் தோட்டமொன்றாகும். தோட்டப் பாடசாலையில் ஆசிரியராகவிருந்த எனது பாட்டனார், லயங்களில் வாழ்ந்த முதிய பெண்களிடம் கேட்டுத் தாலாட்டு, ஒப்பாரி, கும்மி, கொழுந்தெடுப்போர் பாட்டு எனப் பலவற்றைத் தொகுத்து வைத்திருந்தார். மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை, நாலந்தை வழியாக மாத்தளைக்குக் கால்நடையாக வந்த முன்னோரின் துயரைச் சொல்லும் பாடல்களும் அவற்றுள் உள்ளன. 2003ஆம் ஆண்டில் அவர் தமது தொகுப்பை மாத்தளை நகரிலுள்ள அச்சகமொன்றிற் கொடுத்துக் கணினியில் எழுத்துக் கோக்கச் செய்தார். அச்சிடுவதற்குப் பணம் சேரவில்லை. நூலாக வேண்டியது ஓர் இறுவட்டாக நின்றுவிட்டது. கையெழுத்துக் குறிப்பேடுகளோ கூரையொழுக்கில் நனைந்து நைந்து போயின. பாட்டனாரும் மறைந்தார், பாடியவர்களும் ஒருவர்பின் ஒருவராக மறைந்தனர்.

பல்கலைக்கழகத்திற் சேர்ந்தபின் புதிய மடிக்கணினி ஒன்று எனக்குக் கிடைத்தது. அவ்விறுவட்டை அதில் இட்டுப் பார்த்தபோது, அக்காலப் பக்க வடிவமைப்பு மென்பொருளில் அமைந்த கோப்புகளைப் புதிய பொறி திறக்க மறுத்தது. பழைய மென்பொருளை நிறுவ முயன்றபோது அதுவும் நடுவழியில் நின்றது. “புதியதை அழித்துவிட்டுப் பழையதைப் போட்டாற் சரிவரும்” என்று கணினி திருத்துவோர் ஒருவர் கூறினார். அவ்வாறு செய்யலாமா? செய்தால் எதை இழப்போம்? இவ்வினாக்களே என்னை இத்துறையின் வரலாற்றுக்குள் இட்டுச் சென்றன.

பணிசெயல் முறைமை என்பது கணினியின் உறுப்புகளுக்கும் நாம் பயன்படுத்தும் மென்பொருள்களுக்கும் இடையே நின்று இரண்டையும் இணைத்து நடத்துவது. தோட்ட நிருவாகத்துக்கும் தொழிலாளருக்கும் இடையில் அக்காலக் கங்காணி நின்றமை போன்ற நிலை எனலாம். கங்காணி மாறினால் பிரட்டுக்களத்தின் நடைமுறைகள் எல்லாம் மாறும். பழைய கங்காணியின் சொல்லுக்குப் பழகியவர்கள் புதியவரின் கீழ்த் தடுமாறுவர். பணிசெயல் முறைமை மாறும்போது பழைய மென்பொருள்களும் அச்சுப்பொறி முதலிய துணைக்கருவிகளும் தடுமாறுவது இதனாலேயே.

இத்தகைய தடுமாற்றம் உலகளாவிய முறையில் வெளிப்பட்ட முதற் பெருநிகழ்ச்சி 2007ஆம் ஆண்டிற்குரியது. மைக்ரோசொப்ட் நிறுவனம் 2001 ஒக்ரோபரில் விண்டோஸ் எக்ஸ்பியை வெளியிட்டது. அதன்பின் ஐந்தாண்டுகளுக்கு மேலாக அடுத்த பதிப்பு வரவில்லை. அந்நீண்ட இடைவெளியில் உலகின் அலுவலகங்களும் பாடசாலைகளும் அச்சகங்களும் எக்ஸ்பியிலேயே வேரூன்றிவிட்டன. 2007 சனவரி 30ஆம் நாள் பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்ரா கூடுதலான நினைவகத்தை வேண்டியது. பழைய அச்சுப்பொறிகள் பலவற்றிற்கு ஏற்ற செலுத்தி நிரல்கள் கிடைக்கவில்லை. சிறு மாற்றம் செய்யினும் அனுமதி கேட்டு இடைமறித்தது. புதிய கணினியை வாங்கியவர்கள் அதில் எக்ஸ்பியை நிறுவித் தருமாறு கேட்கலாயினர். அதே ஆண்டு ஏப்பிரலில் டெல் நிறுவனம் வாடிக்கையாளரின் கோரிக்கைக்கு இணங்கி, வீட்டுப் பாவனைக்குரிய சில கணினிகளை மீண்டும் எக்ஸ்பியுடன் விற்க முன்வந்தது. 2008இல் ‘இன்போவேர்ல்ட்’ இதழ் எக்ஸ்பியைக் காக்குமாறு நடத்திய இயக்கத்தில் இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்டனர்.

இங்கு கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. பழையதற்குத் திரும்புதல் சட்டத்திற்குப் புறம்பானதாக எப்போதும் இருக்கவில்லை. விஸ்ராவின் வணிகப் பதிப்பையும் உயர்பதிப்பையும் கணினியுடன் பெற்றவர்கள் எக்ஸ்பியின் தொழில்முறைப் பதிப்பிற்கு இறங்கிச் செல்லும் உரிமை உடன்படிக்கையிலேயே அடங்கியிருந்தது. வீட்டுப் பதிப்புகளை வாங்கியோருக்கு அவ்வுரிமை இருக்கவில்லை. ஆகவே, திரும்பிச் செல்லும் சுதந்திரமும் பொருள்வசதி படைத்தவர்க்கே கூடுதலாக வாய்த்தது என்பது வரலாற்று மாணவர் குறித்துக்கொள்ள வேண்டியதாகும்.

2009 ஒக்ரோபரில் வந்த விண்டோஸ் 7 இப்பூசலைத் தணித்தது. அதன் தொழில்முறைப் பதிப்பில் ஓர் உத்தி கையாளப்பட்டது. புதிய முறைமையின் உள்ளேயே மெய்நிகர் பொறி ஒன்றை அமைத்து, அதனுள் எக்ஸ்பியை இயக்கும் வசதி அளிக்கப்பட்டது. புதியதை அழிக்காது பழையதை அதனுள் குடியிருத்தும் இவ்வுத்தியின் பயனைப் பின்னர்க் காண்போம். 2012இல் தொடக்கப் பொத்தானை நீக்கிய விண்டோஸ் 8 வந்தபோது மக்கள் மீண்டும் விண்டோஸ் 7ஐ நாடினர். 2015இல் விண்டோஸ் 10உம் 2021 ஒக்ரோபரில் விண்டோஸ் 11உம் வெளிவந்தபோது, ஏற்கெனவே இருந்த கணினியை அவற்றிற்கு மேம்படுத்தியோர் குறிப்பிட்ட நாட்களுக்குள் முன்னைய பதிப்பிற்கு மீளும் வழியை நிறுவனமே அமைத்துக் கொடுத்தது. திரும்பிச் செல்லுதல் மனித இயல்பு என்பதை வணிகமும் ஏற்றுக்கொண்டமைக்கு இது சான்றாகும். எக்ஸ்பிக்கு 64 மெகாபைற் நினைவகம் குறைந்தபட்சத் தேவையாகக் கூறப்பட்டது. விண்டோஸ் 11இற்கோ 4 கிகாபைற் வேண்டும். இருபதாண்டுகளில் 64 மடங்கு! வறிய நாடுகளில் பழைய முறைமைகள் நீண்டகாலம் நிலைத்தமைக்கு இக்கணக்கு ஒன்றே போதிய விளக்கமாகும்.

இனித் தமிழின் நிலையை நோக்குவோம். ஆங்கிலத்திற் பணிபுரிவோர்க்குப் பணிசெயல் முறைமை மாறினாலும் எழுத்து மாறுவதில்லை. தமிழுக்கோ எழுத்தே இடரானது. தொடக்கத்தில் தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துக்களின் இடங்களிலேயே தமிழ் வடிவங்களை ஏற்றி அமைக்கப்பட்டன. இலங்கையிற் பெருவழக்குப் பெற்ற பாமினி எழுத்துரு இவ்வகையினதே. அதில் ‘அம்மா’ என்று எழுதினால், கணினியின் நினைவகத்திற் பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து ஆங்கிலக் குறிகளே. பாமினி எழுத்துரு இருக்கும்வரை அது அம்மா. எழுத்துரு நீங்கினால் அது எவருக்கும் பொருள்படாத குறிக்கூட்டம். எழுத்துருவுக்கு எழுத்துரு இக்குறிகள் வேறுபட்டமையால் ஒரு கணினியின் தமிழ் மற்றொன்றிற்கு அந்நிய மொழியாயிற்று.

இக்குறையைக் களைய அறிஞர் முயன்றனர். 1997இற் சிங்கப்பூரிலும் 1999 பெப்ரவரியிற் சென்னையிலும் தமிழ் இணைய மாநாடுகள் நடைபெற்றன. சென்னை மாநாட்டின் பயனாகத் தாம், தாப் என்னும் குறியேற்றங்களும் ‘தமிழ்99’ விசைப்பலகையும் நியமங்களாயின. இதற்கிடையில், 1991இல் வெளிவந்த யுனிகோட்டின் முதற் பதிப்பிலேயே தமிழுக்குத் தனியிடம் ஒதுக்கப்பட்டிருந்தது. விண்டோஸ் 2000 அதனைத் தனது முறைமையில் ஏற்றது. எனினும், அச்சகங்கள் பயன்படுத்திய ‘பேஜ்மேக்கர்’ மென்பொருள் 2001இல் வந்த தனது இறுதிப் பதிப்பிலும் யுனிகோட்டை அறியாததாகவே இருந்தது. அதன் விளைவாக, யுனிகோட் வந்த பின்னரும் ஈழத்து நூல்களும் சஞ்சிகைகளும் கோயில் மலர்களும் பாமினி முதலிய எழுத்துருக்களிலேயே பல்லாண்டுகள் கோக்கப்பட்டன. தமிழ் அச்சகத்தார் பழைய முறைமையை விடாது பற்றிநின்றமைக்குச் சோம்பல் காரணமன்று. அவர்களது உழைப்பின் பயன் முழுதும் அதனுள்ளேயே அடைபட்டிருந்தது என்பதே காரணமாகும்.

அவ்வாறாயின் பழைய முறைமைக்கே மீண்டு அதிலேயே தங்கிவிடலாமா எனின், கூடாது என்பதே விடை. எக்ஸ்பிக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்பிரல் 8ஆம் நாளுடன் நின்றன. விண்டோஸ் 7இற்கு 2020 சனவரியிலும், விண்டோஸ் 10இற்கு 2025 ஒக்ரோபர் 14ஆம் நாளும் பொதுவான ஆதரவு முடிவுற்றது. 2017 மே மாதத்தில் ‘வன்னாக்ரை’ என்னும் தீநிரல் ஏறத்தாழ 150 நாடுகளிற் பரவியபோது, திருத்தம் இடப்படாத கணினிகளே அதற்கு இரையாயின. பிரித்தானிய மருத்துவமனைகள் பல செயலிழந்தன. ஆதரவு முடிந்துவிட்ட எக்ஸ்பிக்கும் விதிவிலக்காகத் திருத்தமொன்றை வெளியிட வேண்டிய நிலை ஏற்பட்டது. இணையத்துடன் இணைந்த கணினியிற் பழைய முறைமையை வைத்திருத்தல் கதவில்லாத வீட்டிற் குடியிருத்தலுக்கு ஒப்பாகும்.

எமது முயற்சியும் இதனை உணர்த்தியது. பாட்டனாரின் பழைய கணினியுடன் வந்த முறைமை இறுவட்டைக் கொண்டு புதிய பொறியை மாற்ற முயன்றோம். புதிய பொறியின் சேமிப்பகத்தை அவ்விறுவட்டினால் இனங்காண முடியவில்லை. அது உருவாகிய காலத்தில் இத்தகைய சேமிப்பகமே இருக்கவில்லையன்றோ! அன்றைய முயற்சி வெற்றி பெற்றிருந்தால் எனது பாடக் குறிப்புகள் யாவும் அழிந்திருக்கும் என்பதைப் பின்னரே அறிந்தேன். இறுதியில் விஞ்ஞானபீட நண்பர் ஒருவரின் துணையுடன், புதிய முறைமையின் உள்ளே மெய்நிகர் பொறியொன்றை அமைத்து, அதனை இணையத்தொடர்பின்றிப் பிரித்து வைத்து, அதனுட் பழைய முறைமையை நிறுவினோம். கோப்புகள் திறந்தன. முதற் பக்கத்திற் பாட்டனார் எழுதிய முன்னுரை தோன்றியபோது அம்மா சற்று நேரம் பேசாதிருந்தார்.

திறந்ததுடன் பணி முடியவில்லை. பாமினியில் ‘கொ’ என்னும் எழுத்துக்குக் கொம்பு முதலிலும் ககரம் அடுத்தும் தட்டப்படும்; யுனிகோட்டில் ககரமே முதலில் நிற்கும். கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கு வேறு, பொருள் ஒழுங்கு வேறு. மாற்றிநிரல் இதனைப் பெரும்பாலும் செம்மையாகச் செய்யினும், தட்டெழுதியவர் விட்ட பிழைகள் பாடலின் சொல்லையே மாற்றிவிடுகின்றன. வழக்குச் சொற்களை அறிந்த முதியோரிடம் ஒவ்வொரு பாடலையும் படித்துக்காட்டித் திருத்த வேண்டியதாயிற்று. இப்பணி இன்னும் முடியவில்லை.

இவ்விடத்தில் மாத்தளையின் பழைய வரலாறு நினைவிற்கு வருகின்றது. நகருக்கு வடக்கே அணித்தாயுள்ள அலுவிகாரையில், கி.மு. முதலாம் நூற்றாண்டில் வட்டகாமினி அபயன் காலத்தில், அதுவரை வாய்மொழியாக ஓதப்பட்டு வந்த திரிபிடகம் ஏட்டில் எழுதப்பட்டது என்பது மரபு. பஞ்சத்தாலும் போராலும் ஓதுவோர் அருகிவிட்டால் நூலும் மறையும் என்னும் அச்சமே அதற்குக் காரணமாயிற்று. எழுதிய பின்னரும் ஓதும் வழக்கை அவர்கள் கைவிடவில்லை. 1848ஆம் ஆண்டு மாத்தளைக் கிளர்ச்சியை ஆங்கிலேயர் அடக்கிய காலத்தில் அவ்விகாரையின் ஏடுகள் அழிந்தன என்பர். ஆயினும், வேறிடங்களிற் படிகள் இருந்தமையால் நூல் அழியவில்லை. தமிழிலும், செல்லரித்த ஏடுகளைத் தேடியெடுத்து 1881இல் வீரசோழியத்தையும் 1887இற் கலித்தொகையையும் அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை செய்த பணி இத்தன்மைத்தே. அவர் ஏட்டைப் படிக்கப் பழகியிருந்தார். ஆனால் ஏட்டிலேயே நின்றுவிடவில்லை.

எனவே, மேற்கூறியவற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்க முடிபு இதுவாகும். புதிய கணினியிற் பழைய முறைமையை நாடுவோர் காலத்தை எதிர்ப்பவர் அல்லர். தமது உழைப்பையும் நினைவையும் இழக்க விரும்பாதவர். அவர்களது தேவை நியாயமானது. ஆயின், பழைய முறைமை நாம் சென்று தங்கும் இல்லமாகாது. உள்ளிருப்பவற்றை வெளியே கொண்டுவரும்வரை திறந்து வைக்கவேண்டிய வாயிலாகும். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களை எண்ணிமப்படுத்திப் பேணி வருகின்றது. எனினும், ஊர்தோறும் அச்சகங்களிலும் வீடுகளிலும் இறுவட்டுகளுள் உறங்குவன அங்கு தாமாகச் சென்று சேரமாட்டா. இறுவட்டின் ஆயுளும் ஏட்டின் ஆயுளிலும் குறுகியது. அடுத்த விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டு அலுமாரியை ஒருமுறை திறந்து பார்ப்பாராயின், அதுவே நாம் நம் வரலாற்றுக்குச் செய்யும் முதற்றொண்டாகும்.