காசுச் செய்தி: பெயர் நீக்கப்பட்ட ஓர் அறிக்கை

காசு பெற்று எழுதும் பதிவுகளைப் பற்றிய இன்றைய சர்ச்சை, இந்தியாவில் சமூக ஊடகங்களோடு பிறந்ததன்று. 2009 மக்களவைத் தேர்தலில் வேட்பாளர்களிடம் பணம் பெற்ற நாளிதழ்கள் அவர்களின் விளம்பரத்தைச் செய்தியாகவே அச்சிட்டன என்ற புகாரை ஆராய, இந்தியப் பத்திரிகை மன்றம் இருவர் குழுவை அமைத்தது. பரஞ்ஜய் குஹா தாகுர்த்தாவும் ஸ்ரீனிவாஸ் ரெட்டியும் 71 பக்க அறிக்கையில் இதழ்களைப் பெயர் சுட்டியே எழுதினர். 2010 ஜூலையில் மன்றம் ஏற்று வெளியிட்டதோ பெயர்கள் நீங்கிய சுருக்கம். மறைப்பை ஆராயப் புறப்பட்ட அமைப்பே மறைத்தது! முழு அறிக்கை 2011இல், மத்தியத் தகவல் ஆணையத்தின் உத்தரவுக்குப் பிறகே முறையாக வெளிவந்தது.

தண்டனை யாருக்கு? உத்தரப் பிரதேசச் சட்டமன்ற உறுப்பினர் உம்லேஷ் யாதவ், 2007 தேர்தலில் இத்தகைய செய்திக்கான செலவைக் கணக்கில் காட்டவில்லை எனத் தேர்தல் ஆணையம் 2011 அக்டோபரில் அவரை மூன்றாண்டுகள் தகுதிநீக்கம் செய்தது. ஏடுகளைத் தண்டிக்கும் அதிகாரம் ஆணையத்துக்கு இல்லை. பத்திரிகை மன்றத்தாலும் கண்டிக்கத்தான் இயலும்.

சமூக ஊடகப் பதிவர்களுக்கு 2021இல் விளம்பரத் தர மன்றமும், 2023 ஜனவரியில் நுகர்வோர் விவகாரத் துறையும் அடையாளச் சொல்லை வலியுறுத்தின. ஏற்கத்தக்க சொற்களுள் ‘கொலாபரேஷன்’ என்பதும் ஒன்று. மொழியியல் பயின்றோர்க்கு இது உறுத்தும். ‘விளம்பரம்’ என்றால் விற்பவர் தெரிகிறார்; ‘கூட்டுமுயற்சி’ என்றாலோ கொடுத்தவரும் வாங்கியவரும் தோழர்களாகிவிடுகின்றனர், காசு மட்டும் காணாமற்போகிறது.