நிற்காத ரயில்: ‘லோகோ-மோஷன்’ விளையாட்டும் நகர்த்துப் புதிரின் வரலாறும்

கொனாமி நிறுவனம் 1982இல் உருவாக்கிய ‘லோகோ-மோஷன்’ என்ற ஆர்கேட் விளையாட்டில், ஆடுபவர் ரயிலை ஓட்டுவதில்லை. அது தானே ஓடும். வேகத்தைக் கூட்டலாம், நிறுத்த வழியில்லை. அவர் வசம் இருப்பது தரை மட்டுமே. கட்டம் கட்டமாகச் சிதறிக் கிடக்கும் தண்டவாளத் துண்டுகளைக் காலியான ஒற்றைக் கட்டத்துக்குள் தள்ளித் தள்ளிப் பாதை அமைக்க வேண்டும். ஓரத்து நிலையங்களில் காத்திருக்கும் பயணிகள் எல்லோரையும் ஏற்ற வேண்டும். ஜப்பானில் சேகா இதைக் ‘குட்டாங் கொட்டோங்’ என்ற பெயரில் வெளியிட்டது. பதினைந்து எண் புதிர் என்னும் 19ஆம் நூற்றாண்டுப் பொழுதுபோக்குக்குள் கால நெருக்கடியைக் கொண்டுவந்ததுதான் இந்த ரயில் செய்த வேலை என்பது இக்கட்டுரையின் வாதம்.

அந்தப் புதிர் நமக்குப் புதிதல்ல. திருவிழாக் கடைகளில் பிளாஸ்டிக் சட்டத்துக்குள் எண்களை நகர்த்தி வரிசைப்படுத்தும் அதே பொருள்தான். நியூயார்க் மாநிலத்தின் கனஸ்டோட்டா ஊரில் அஞ்சல் அதிகாரியாக இருந்த நோயஸ் சாப்மன் 1870களில் உருவாக்கிய இது, 1880இல் அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் ஆட்டிப்படைத்தது. (தானே கண்டுபிடித்ததாக சாம் லாயிட் பின்னாளில் சொல்லிக்கொண்டது பொய்.) 14, 15 ஆகிய இரண்டை மட்டும் இடம் மாற்றி வைத்தால் தீர்வே கிடையாது என்பதை ஜான்சன், ஸ்டோரி ஆகிய கணிதவியலாளர்கள் 1879இல் நிறுவிவிட்டனர். சாத்தியமான அடுக்குகளில் சரிபாதியை எவ்வளவு நகர்த்தினாலும் எட்ட முடியாது.

‘லோகோ-மோஷன்’ இந்தத் தடையில் சிக்குவதில்லை. ஒரே வடிவத் துண்டுகள் இரண்டு இருந்தாலே போதும், எந்த அடுக்கையும் எட்டிவிடலாம். அவ்விரண்டில் எது எதன் இடத்தில் நின்றாலும் வேறுபாடு தெரியாது அல்லவா? அதைவிட முக்கியம், இறுதி அடுக்கு என்ற ஒன்றே இங்கு தேவையில்லை. ரயில் கடக்கும் அந்தக் கணத்தில் பாதை சரியாக இருந்தால் போதும். கடந்தபின் கலைத்துவிடலாம், கலைத்தாக வேண்டும். காலிக் கட்டத்தின் குணமும் மாறுகிறது. சாப்மனின் புதிரில் அது வெறும் வசதி. இங்கும் அது இல்லாமல் எதையும் நகர்த்த முடியாது, ஆனால் ரயில் அதற்குள் போனால் வாய்ப்பு ஒன்று போயிற்று. இந்த இரட்டைக் குணத்தையே அவ்விளையாட்டின் உண்மையான கண்டுபிடிப்பாகக் கருதுகிறேன்.

ரயில்தான் வேண்டுமா என்ற கேள்விக்கு அடுத்த ஆண்டே ஒரு சோதனை நடந்தது. ‘ரிவர் ரெய்ட்’ விளையாட்டை உருவாக்கிய கரோல் ஷா, ஆக்டிவிஷன் நிறுவனத்துக்காக ‘ஹேப்பி ட்ரெயில்ஸ்’ விளையாட்டை 1983இல் இன்டெலிவிஷன் கருவிக்கு எழுதினார். அதே நகர்த்துமுறை, பயணிகளுக்குப் பதில் தங்க மூட்டைகள், ரயிலுக்குப் பதில் ஒரு கௌபாய் வீரன். விளையாட்டு நேர்த்தியானது. ஆனாலும் ஒரு நெருடல்: மனிதனுக்குக் கால் இருக்கிறது, நிற்கலாமே? ரயில் என்றால் அந்தக் கேள்வி எழாது.

பின்வந்தவர்கள் நிற்காத பொருள்களையே தேடினார்கள். 1985இல் பால் ஷர்லியின் ‘கன்ஃப்யூஷன்’ தீப்பொறியை ஓடவிட்டது. 1989இல் வந்த ‘பைப் மேனியா’வில் குழாய்களில் திரவம் ஓடியது, நகர்த்துவது போய், வரிசையாக வரும் துண்டுகளைப் பொருத்துவது வந்தது. செக் நாட்டின் மிரோஸ்லாவ் நெமெச்செக் 1993இல் உருவாக்கிய ‘விலாக்’ வேறு கிளை: பொறுக்கும் பொருள் ஒவ்வொன்றும் ஒரு பெட்டியாகப் பின்னால் சேர, நீளும் ரயில் தன் வாலிலேயே மோதாமல் வாயிலை அடைய வேண்டும். அது பாம்பு விளையாட்டின் வழிவந்தது.

2010இல் மாட் ரிக்ஸின் ‘ட்ரெயின்யார்டு’ அவசரத்தை அகற்றியது. முதலில் தண்டவாளம் வரைய வேண்டும், பிறகே வண்டி புறப்படும். மோதினால் அழித்து மறுபடி வரையலாம். நேரக் கணக்கு மட்டும் ஒழியவில்லை. இரு வண்ண ரயில்கள் ஒரே நேரத்தில் சந்தித்தால்தான் நிறம் கலக்கும். ஆனால் அந்தக் கணக்கைத் தாளும் பென்சிலுமாக உட்கார்ந்து போட்டுக்கொள்ளலாம். 1982இன் ரயில் அதற்கு இடம் தரவில்லை.